மூன்றும் ஒன்றில் கிடைக்குமா? சீன அகமுறைக் கலப்புகளில் எதைக் கற்பது

"ஷிங்யீ, பாகுவா, தாய்ச்சி மூன்றையும் ஒன்றாகச் சேர்த்த கலை ஒன்று இருக்கிறதாமே. மூன்று இடங்களுக்கு அலைவதைவிட அதையே கற்றுக்கொண்டால் என்ன?" சென்ற மாதத்தில் மட்டும் இருவர் என்னிடம் இதைக் கேட்டார்கள். ஒருவர் ஐம்பத்து மூன்று வயதுச் செவிலியர். இரவுப் பணியில் நின்று நின்று முழங்கால் தேய்ந்தவர். மற்றவர் சிலம்பம் சுற்றிப் பழகிய இருபத்து நான்கு வயது இளைஞர். கேள்வி ஒன்றுதான் என்றாலும் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்ல முடியவில்லை.

கலைகளின் பெயர்களிலிருந்து தொடங்குகிறேன். இந்த மூன்று தற்காப்புக் கலைகளையும் சீனத்தில் 'நெய்ஜியா' என்பார்கள். 'நெய்' என்றால் உள். 'ஜியா' என்றால் வீடு, குடும்பம். தமிழில் 'அகம்' என்ற ஒரே சொல் உள்ளையும் வீட்டையும் குறிப்பதால் அகமுறைக் கலைகள் என்றே எழுதுகிறேன். ஷிங்யீ நேர்க்கோட்டில் பாய்ந்து நடுவைப் பிளப்பது. பாகுவா வட்டத்தில் நடந்து எதிராளியின் பக்கவாட்டுக்குப் போவது. தாய்ச்சி வருகிற விசையை ஏற்று, இளக்கி, திருப்பிவிடுவது. மூன்றும் ஒரே குடும்பம் என்ற எண்ணம் அவ்வளவு பழையதன்று. பெய்ஜிங்கில் 1894 வாக்கில் ஷிங்யீ, பாகுவா, தாய்ச்சி ஆசிரியர்கள் சிலர் கூடி, மாணவர்களைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவுசெய்ததாகப் பரம்பரைக் கதைகள் சொல்கின்றன. இன்று நமக்குக் கிடைக்கும் கலப்புகளில் பெரும்பாலானவை அதற்குப் பிந்திய ஐம்பது ஆண்டுகளில் உருப்பெற்றவை.

## எதை வைத்து எடைபோடுவது

'எது சிறந்த கலை?' என்பது பயனற்ற கேள்வி. நான் ஐந்து கேள்விகளைக் கேட்பேன்.

முதலாவது, ஆசிரியருக்குக் கலவை மட்டும் தெரியுமா, அதன் உறுப்புகளும் தெரியுமா? மிச்சம் நான்கையும்விட இது முக்கியம். இரண்டாவது, உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? மூன்றாவது, தனியாகவே பழகப் போகிறீர்களா, கூடவே பழக ஆள் இருக்கிறாரா? நான்காவது, உண்மையிலேயே அடிதடிக்கு உதவ வேண்டுமா, உடல்நலம் போதுமா? இதில் தன்னிடம் பொய் சொல்லிக்கொள்பவர்கள் நிறைய. நலம் போதும் என்று சேர்ந்துவிட்டு மூன்றாம் மாதம் சண்டைக் காணொளிகளைப் பார்த்து ஏங்குபவர்களையும், சண்டை வேண்டும் என்று சேர்ந்துவிட்டு முதல் காயத்தோடு காணாமல் போனவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஐந்தாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஓராண்டில் விட்டுவிட்டால் கையில் என்ன மிஞ்சும்? சேர்பவர்களில் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால் ஒவ்வொரு கலையையும் அதன் பத்தாம் ஆண்டை வைத்து மட்டும் மதிப்பிடுவது ஏமாற்று வேலை.

## சுன் பாணி தாய்ச்சி

கலப்புகளில் எளிதாகக் கிடைப்பது இதுதான். உருவாக்கியவர் சுன் லுதாங். ஹெபெய் மாநிலத்தில் 1860 வாக்கில் பிறந்து 1933இல் மறைந்தவர். இளவயதில் ஷிங்யீ கற்றார்; அதில் பெரும்புகழ் பெற்ற குவோ யுன்ஷென்னிடமும் பயின்றார். பிறகு பெய்ஜிங்கில் செங் திங்ஹுவாவிடம் பாகுவா. செங் மூக்குக்கண்ணாடி வியாபாரி. 'கண்ணாடிக்காரச் செங்' என்றே அவருக்குப் பெயர். தாய்ச்சி சுன்னிடம் வந்து சேர்ந்தபோது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. பெய்ஜிங்குக்கு வந்த இடத்தில் நோயில் விழுந்த ஹாவ் வெய்சன் என்பவரைச் சுன் பராமரித்தார்; குணமான ஹாவ் நன்றிக்கடனாகத் தம் தாய்ச்சியைக் கற்றுக்கொடுத்தார்.

இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும். சுன் எழுதிய நூல்களும் இதே வரிசையில் வந்தன: ஷிங்யீ பற்றி 1915இல், பாகுவா பற்றி 1916இல், தாய்ச்சி பற்றி 1921இல். அதாவது 'சுன் பாணி தாய்ச்சி' என்று நமக்கு விற்கப்படுவது ஒரு தொடரின் மூன்றாம் பாகம். முதலிரண்டைப் படித்தவருக்கு ஒவ்வொரு வரியும் பேசும். நேராக மூன்றாம் பாகத்தைத் திறப்பவருக்குக் கதை புரியலாம்; இந்தப் பாத்திரம் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்பது புரியாது.

கலவை எப்படிப்பட்டது என்றால், இது அவியல். காய்கள் தனித்தனியாகத் தெரியும். முன்கால் ஓரடி வைத்ததும் பின்கால் தொடர்ந்து வந்து சேர்வது ஷிங்யீயின் நடை. திரும்பும் இடங்களில் பாதத்தை உள்ளே மடக்கியும் வெளியே விரித்தும் வைப்பது பாகுவா. ஓர் அசைவு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் மார்பின் முன்னே இரு கைகளும் விரிந்து குவிவது ஹாவ் வழியில் வந்த தாய்ச்சி. சுன்னின் நூலில் உள்ள வரிசை, அதாவது தொடர்ந்து செய்யும் அசைவுகளின் கோவை, 97 அசைவுகள் கொண்டது. பிற்காலத்தில் போட்டிக்காக 73 அசைவுகளாகச் சுருக்கியிருக்கிறார்கள்.

முழங்காலுக்கு இதைவிடத் தோதான தேர்வு இந்தப் பட்டியலில் இல்லை. நிலை உயரமானது; எடை ஒரே காலில் நெடுநேரம் தேங்குவதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997இல் மூட்டுவாத நோயாளிகளுக்காக ஒரு தாய்ச்சிப் பயிற்சியை வகுத்தபோது சுன் பாணியையே அடிப்படையாக எடுத்துக்கொண்டார். உலகின் பல ஊர்களில் சுன் பாணி பரவியதற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

மறைவான செலவும் அங்கேதான் இருக்கிறது. சில நாள் பட்டறையில் சான்றிதழ் பெற்று நலப் பயிற்சி நடத்துபவர்கள் பலர். அவர்கள் செய்வது நல்ல வேலை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே கிடைப்பது மூன்று கலைகளின் கலப்பு அன்று, அதன் நிழல். நான் சுன் பாணி கற்றது சிங்கப்பூரில், அடுக்குமாடிக் குடியிருப்பின் திறந்த கீழ்த்தளத்தில். இரண்டு ஆண்டுகள் பின்காலை இழுத்து இழுத்து வைத்தேன். ஷிங்யீயின் முதல் குத்தான 'பி'யை வேறொருவர் காட்டிய நாளில்தான் அந்தக் கால் ஏன் வருகிறது என்று தெரிந்தது. முன்கால் தரையைத் தொடும் கணத்தில் உடல் முழுவதும் கையின் பின்னால் வந்து சேர்வதற்காகப் பின்கால் வருகிறது. அழகுக்காக வருவதில்லை. அதற்குமுன் நான் செய்தது, ஹார்மோனியத் துருத்தியைப் போலக் கையை விரித்துச் சுருக்கியபடி நடந்தது மட்டுமே.

ஓராண்டில் விட்டாலும் நட்டமில்லை. நடை சீராகும், சமநிலை கூடும், பாதி வரிசையாவது நினைவில் நிற்கும்.

## லியூஹெபாஃபா

பெயரின் பொருள் 'ஆறு இசைவுகள், எட்டு முறைகள்'. உடல் மனத்தோடு இசைவது, மனம் நோக்கத்தோடு இசைவது என்று தொடங்கி, அசைவு வெறுமையோடு இசைவதில் முடிகிற ஆறு படிகள் அதன் இலக்கணம். நீர்முறை என்ற செல்லப் பெயரும் உண்டு. பத்தாம் நூற்றாண்டில் ஹுவா மலையில் வாழ்ந்த தாவோயிசத் துறவி சென் துவான் உருவாக்கியது என்பார்கள். அது தலபுராணம். வரலாற்றில் கால் பதித்து நிற்பது வூ யிஹுய் (1887–1958) என்பவரிடமிருந்துதான். நான்ஜிங்கின் மத்திய குவோஷு (தேசியத் தற்காப்புக் கலை) நிறுவனத்திலும் ஷாங்காயிலும் கற்பித்தவர் அவர். அவருடைய மாணவர் வழியில் ஹாங்காங்குக்குப் போய், அங்கிருந்து வெளிநாடுகளுக்குச் சென்றது.

சுன் பாணி அவியல் என்றால் இது பஞ்சாமிர்தம். எது வாழைப்பழம், எது பேரீச்சை என்று பிரித்தெடுக்க முடியாது. ஷிங்யீயைப் போல முன்னே வெட்டத் தொடங்கும் அசைவு பாதியில் பாகுவாவாகச் சுழன்று தாய்ச்சியாக அடங்கும். மறுமுறை வேகம் மாறி வரும். அடிப்படை வரிசையே 66 அசைவுகள். அடிப்படை என்ற பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். அஸ்திவாரமே மாளிகை அளவுக்கு இருக்கிறது.

நல்ல ஆசிரியர் செய்வதைப் பார்த்தால் இந்தக் கலப்புகளில் இதுதான் கண்ணைக் கவரும். இதைத்தான் கற்க வேண்டும் என்று அந்த நிமிடமே தோன்றும். அந்த நிமிடத்தில் பணம் கட்டாமல் வீட்டுக்குப் போய்விடுங்கள். வூ யிஹுய்யிடம் வந்தவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு கலையில் தேர்ந்தவர்கள். சாங் சாங்ஷின் போன்ற குத்துச்சண்டை வீரர்கூட அவர்களில் உண்டு. விசையை ஏற்கெனவே உடலில் வைத்திருந்தவர்களுக்கு அதைத் திருப்பவும் மறைக்கவும் இந்தக் கலை சொல்லிக்கொடுத்தது. வெறுங்கையோடு வருபவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? அவருக்கு மிஞ்சுவது அலைபோன்ற நெளிவு மட்டும்.

இன்னொரு செலவு, ஆசிரியர் பஞ்சம். ஊருக்கு ஒருவர் கிடைத்தாலே பெரிது. அவர் இடம் மாறினால் உங்கள் கல்வியும் நின்றுவிடும். வேறொருவரிடம் தொடரலாம் என்றால் பரம்பரைக்குப் பரம்பரை அசைவுகள் மாறுவதால் முதலிலிருந்து கற்க வேண்டியிருக்கும். உடல் முறுக்கும் தாழ்ந்த நிலைகளும் நிறைய இருப்பதால் முழங்கால் கோளாறு உள்ளவர்கள் எண்ணிப் பார்த்தே இறங்க வேண்டும். ஓராண்டில் விட்டால் பாதி வரிசை கையில் இருக்கும். அந்தப் பாதிக்குத் தனியாகப் பயன் குறைவு.

ஏற்கெனவே பத்தாண்டு தாய்ச்சியோ ஷிங்யீயோ பழகி, அடுத்து என்ன என்று தேங்கி நிற்பவருக்கு இதுபோன்ற வரம் கிடையாது.

## யிச்சுவான்

இது வேறு வகைக் கலப்பு. சேர்த்துச் செய்ததைவிடக் கழித்துச் செய்தது என்று சொல்லலாம். வாங் ஷியாங்சாய் (1885–1963) ஷிங்யீக்காரர். சுன்னைப் போலவே குவோ யுன்ஷென்னின் வழிவந்தவர். நாடெங்கும் அலைந்து, ஹூனான், ஃபூஜியன் ஆசிரியர்களோடு கைகலந்து பார்த்து, திரும்பி வந்தபோது வரிசைகள் எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார். 'ஷிங்யீ' என்றால் வடிவமும் நோக்கமும். அதிலிருந்து 'ஷிங்'கை, அதாவது வடிவத்தை, வெட்டிவிட்டு 'யி'யை மட்டும் வைத்துக்கொண்டார். பெயரே கொள்கை விளக்கம். 1940களில் பெய்ஜிங்கில் இதைத் தாச்செங்சுவான் என்றும் அழைத்தார்கள்.

தாம் சந்தித்த எண்ணற்ற ஆசிரியர்களில் 'இரண்டரைப் பேர்'தான் தேறினார்கள் என்று வாங் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அதில் சொல்லப்படும் மூன்று பெயர்களில் ஒன்று, மேலே பார்த்த ஷாங்காய் வூ யிஹுய். யார் அந்த அரை என்று இரு தரப்பு மாணவர்களும் இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். தேநீர்க் கடைக்கு ஏற்ற விவாதம்.

பயிற்சி என்றால் நிற்பது. மரத்தைக் கட்டிப்பிடித்தாற்போலக் கைகளை வளைத்து, முழங்காலை இலேசாகத் தளர்த்தி, இருபது நிமிடம், நாற்பது நிமிடம். பிறகு மிக மெதுவான அசைவில் விசையைத் தேடுவது, பாதத்தைத் தரையோடு உரசுவதுபோல நடப்பது, விசையை வெளிப்படுத்துவது, கூட்டாளியோடு கைசேர்த்துத் தள்ளுவது, கடைசியாகக் கட்டற்ற மோதல். மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லை. கெனிச்சி சவாய் என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் பெய்ஜிங்கில் வாங்கிடம் மோதித் தோற்று, அவரிடமே மாணவரானார். ஊர் திரும்பி 1947இல் தாய்கிகென் என்ற பெயரில் தம் பள்ளியைத் தொடங்கினார். நோயாளிகளுக்காக இந்த நிற்றல் பயிற்சியை வாங்கே பிற்காலத்தில் மருத்துவமனைகளில் கற்பித்தார். ஒரே பயிற்சி இரு முனைக்கும் பயன்பட்டது.

இதன் செலவை ரசீதில் போட மாட்டார்கள். முதல் செலவு சலிப்பு. இரண்டாவது, அளவுகோல் இல்லாமை. வரிசை கற்பவருக்கு 'நாற்பதாம் அசைவு வரை வந்துவிட்டேன்' என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். நிற்பவருக்கு அது கிடையாது. சரியாக நிற்கிறோமா, சும்மா நிற்கிறோமா என்று தொட்டுத் தள்ளிப் பார்க்க ஆசிரியர் வேண்டும். மூன்றாவது, அளவுகோல் இல்லாத இடத்தில் மாயக்காரர்கள் புகுந்துவிடுவார்கள். தொடாமலே ஆளைத் தள்ளும் ஆசிரியர், அவர் விரலசைத்ததும் துள்ளி விழும் மாணவர்கள் என்று ஒரு கூட்டத்தைப் பார்த்தால், செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுங்கள். உண்மையான யிச்சுவான் கூடத்தில் கையுறை மாட்டி மோதுவார்கள், மூக்கு உடையும்.

பாதியில் விட்டாலும் மிஞ்சுவதில் இதுவே முதலிடம் என்பேன். மூன்று மாதம் ஒழுங்காக நிற்கக் கற்றவருக்கு அது வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். தரையில் ஒரு பாய் விரிக்கும் இடம்கூடத் தேவையில்லை.

## கலக்காமல், ஒவ்வொன்றாக

நான்காவது வழி ஒன்று உண்டு; என்னிடம் கேள்வி கேட்ட இருவருமே அதை ஒரு வழியாகவே நினைக்கவில்லை. முதலில் ஒன்றை மட்டும், பெரும்பாலும் ஷிங்யீயை, கற்பது. பிறகு மற்றதற்குப் போவது. சுன் லுதாங் போன வழி இதுதான். பாகுவாவைத் தோற்றுவித்த தோங் ஹாய்சுவானே வேறு கலையில் தேறியவர்களைத்தான் பெரும்பாலும் சேர்த்துக்கொண்டார் என்பார்கள்; கண்ணாடிக்காரச் செங் அவரிடம் வந்தபோது மல்யுத்தக்காரர்.

ஷிங்யீயை முதலில் சொல்வதற்குக் காரணம் அதன் சிக்கனம். நிற்பதற்கு 'சாந்தி' என்ற ஒரு நிலை (நம் சாந்தி அன்று, 'மூவுறுப்பு நிலை' என்று பொருள்), அடிப்பதற்கு ஐந்து குத்துகள். ஐந்தையும் ஒரு மாதத்தில் பார்த்துவிடலாம். பழகப் பத்தாண்டும் போதாது. சிலம்பத்தில் காலடி பழகியவருக்கு நேர்க்கோட்டில் முன்னேறுவதன் கணக்கு சீக்கிரம் பிடிபடும்.

செலவு காலம்தான். அத்தோடு, இரண்டாம் ஆசிரியரிடம் போனதும் முதல் ஆசிரியர் கட்டிய பழக்கங்களை அவர் பிரிப்பார். ஷிங்யீக்காரர் பின்காலில் எடையை வை என்பார். தாய்ச்சிக்காரர் அதையே குறை என்பார். இருவரும் சரிதான். அந்தக் குழப்பத்தை உங்கள் உடலே தீர்க்க வேண்டும்; அப்படித் தீர்த்துக்கொள்வதன் பெயர்தான் கலப்பு. மற்ற மூன்று வழிகளிலும் அந்த வேலையை வேறொருவர் உங்களுக்கு முன்பே செய்து முடித்துவிட்டார். முழங்கால் பலவீனமானவர் பாகுவாவைக் கடைசியாக வைக்கட்டும். வட்ட நடையில் உள்ளே மடங்கும் பாதம், தவறாகப் பழகினால், முழங்காலைத் திருகிவிடும்.

| | சுன் பாணி | லியூஹெபாஃபா | யிச்சுவான் | தனித்தனியாக |
|---|---|---|---|---|
| ஆசிரியர் கிடைப்பது | எளிது. ஆழமானவர் அரிது | மிக அரிது | அரிது. போலிகள் உண்டு | தாய்ச்சி எளிது, மற்றவை சிரமம் |
| முழங்கால் | மிகத் தோது | கவனம் | தோது | பாகுவாவில் கவனம் |
| கூட்டாளி தேவை | நலத்துக்கு இல்லை | பிற்பாடு | கட்டாயம், சண்டை வேண்டுமானால் | தொடக்கத்தில் இல்லை |
| ஓராண்டில் விட்டால் | நல்ல நடை | பாதி வரிசை | நிற்கத் தெரியும் | ஐந்து குத்துகள் |
| யாருக்கு | ஐம்பதைக் கடந்தவர் | ஏற்கெனவே தேறியவர் | சலிப்பைத் தாங்குபவர் | இளையவர், பொறுமைசாலி |

## முன்பணம் கட்டுவதற்கு முன்

'மூன்றும் ஒரே கட்டணத்தில்' என்ற அறிவிப்பை நம்பி ஒருமுறை ஓராண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே கட்டினேன். திங்களன்று தாய்ச்சி, புதனன்று பாகுவா, வெள்ளியன்று ஷிங்யீ. மூன்று கலைகளும் வாரத்தில் ஒருமுறைகூட ஒன்றையொன்று சந்திக்கவில்லை. அது கலப்பன்று, கால அட்டவணை. அதற்குப் பிறகு எந்தக் கூடத்துக்குப் போனாலும் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்த்துவிட்டு ஆசிரியரிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கிறேன்: "இப்போது செய்த அசைவில் ஷிங்யீ எங்கே இருக்கிறது? அதை மட்டும் தனியாகக் காட்ட முடியுமா?" உறுப்புகளை அறிந்தவர் உடனே எழுந்து காட்டுவார், பெரும்பாலும் மகிழ்ச்சியோடு. அறியாதவர் ஆற்றல், பிரபஞ்சம் என்று பேசத் தொடங்குவார்.

செவிலியரைச் சுன் பாணிக்கு அனுப்பினேன். வீட்டுக்கு அருகில் வகுப்பு இருந்தது, ஆசிரியருக்குக் கொஞ்சம் ஷிங்யீயும் தெரிந்திருந்தது. இளைஞருக்கு லியூஹெபாஃபாவின் மேல்தான் ஆசை. காணொளி பார்த்துவிட்டார், என்ன செய்வது? மூன்று ஆண்டு ஷிங்யீ கற்றுவிட்டு வா, அப்போதும் ஆசை இருந்தால் ஆசிரியரைத் தேட நானும் கூட வருகிறேன் என்றேன். முகம் வாடிவிட்டது. நேற்றிரவு ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: சாந்தி நிலையில் எவ்வளவு நேரம் நின்றால் தொடை நடுங்குவது நிற்கும் என்று.